சிற்றூர்களில் வன்முறைக் குற்றப் போக்கு

வன்முறைக் குற்றப் போக்கு என்பது ஓர் ஊரிலோ வட்டாரத்திலோ கொலை, கொலை முயற்சி, கொடுங்காயம், கலவரம், தீவைப்பு, கொள்ளை போன்ற குற்றங்கள் காலப்போக்கில் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்பதைக் குறிக்கும். மாநிலம், மாநகரம் போன்ற பெரிய அலகுகளில் இதை ஆண்டுக் கணக்கைக் கொண்டே ஓரளவு கணிக்கலாம். சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் கடற்கரைக் குப்பத்திலோ, மலையடிவாரப் பேரூராட்சியிலோ அப்படிக் கணிக்க முடியாது. அங்கே ஒரே ஒரு கொலை அந்த ஆண்டின் கணக்கையே தலைகீழாக்கிவிடும். "கொலைகள் இரு மடங்காயின" என்ற செய்தி கணக்கின்படி உண்மையாகவும் பொருளளவில் வெறுமையாகவும் இருக்கக்கூடும்.

சிற்றூர்களின் குற்ற எண்களை எப்படிப் படிக்க வேண்டும், தவறாகப் படித்தால் என்ன நேரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதற்கு விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பு வட்டாரத்திலிருந்தும் தமிழகக் கடற்கரையிலிருந்தும் எடுத்துக்காட்டுகள் தரப்படுகின்றன.

குற்றம் எண்ணாக மாறும் வழி

நடந்த குற்றம் முழுவதும் புள்ளிவிவரத்தில் வந்துவிடுவதில்லை. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகே ஒரு நிகழ்வு குற்றமாக எண்ணப்படுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்கீழ் இந்த அறிக்கை பதிவாகிறது. முன்பு இது குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவாக இருந்தது. கொலைக்கான தண்டனை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவுக்கு மாறியுள்ளது. பழைய வழக்குகளையும் புதிய வழக்குகளையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் இந்த எண் மாற்றத்தை நினைவில் கொள்ள வேண்டும்.

காவல் நிலையக் கணக்குகள் மாவட்டம், மாநிலம் எனத் தொகுக்கப்பட்டுத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தைச் சென்றடைகின்றன. 1986இல் அமைக்கப்பட்ட இந்தக் காப்பகம் 'இந்தியாவில் குற்றங்கள்' என்னும் ஆண்டறிக்கையை வெளியிடுகிறது. அந்த அறிக்கையின் முதல் பதிப்பு 1953ஆம் ஆண்டுக்குரியது. மாநிலம், மாநகரம், மாவட்டம் வாரியாக அட்டவணைகள் கிடைக்கின்றன. ஊர் வாரியாகக் கிடைப்பதில்லை. எனவே ஒரு சிற்றூரின் போக்கைப் பேச விரும்புபவர் காவல் நிலைய அளவிலான கணக்கைத் தாமே தேடித் தொகுக்க வேண்டியிருக்கும்.

எண்ணும் முறையிலும் ஒரு விதி உண்டு. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றுள் மிகக் கடுமையானது மட்டுமே கணக்கில் வரும். இதனை முதன்மைக் குற்ற விதி என்பர். கொள்ளையடிக்கும்போது ஒருவர் கொல்லப்பட்டால் அது கொலையாக எண்ணப்படும். கொள்ளைக் கணக்கில் வராது.

சிறிய எண்களின் சிக்கல்

தமிழ்நாட்டில் பதிவான கொலை வழக்குகள் 2019இல் 1,745, 2020இல் 1,661, 2021இல் 1,686, 2022இல் 1,690 ஆகும். 2022இல் இது ஒரு லட்சம் பேருக்கு 2.2 என்ற விகிதம். அதே ஆண்டில் நாடு முழுவதும் 28,522 கொலை வழக்குகள் பதிவாயின, விகிதம் 2.1. ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2021ஆம் ஆண்டுக்குக் கணித்த உலகச் சராசரி ஒரு லட்சம் பேருக்கு 5.8.

இந்த 2.2 என்னும் விகிதத்தை 20,000 பேர் வாழும் ஒரு பேரூருக்குப் பொருத்திப் பார்ப்போம். அந்த ஊரில் ஆண்டுக்கு 0.44 கொலை நடக்கும் என எதிர்பார்க்கலாம். பத்து ஆண்டுகளில் நான்கோ ஐந்தோ ஆகும். ஆனால் அவை ஆண்டுதோறும் சீராகப் பிரிந்து நடப்பதில்லை. மேல்நிலை வகுப்பில் கற்பிக்கப்படும் பாய்சான் பரவலைக் கொண்டு கணக்கிட்டால் பின்வரும் விடை கிடைக்கிறது:

- ஓர் ஆண்டில் கொலையே நடக்காதிருக்க வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம்.
- ஒரு கொலை நடக்க வாய்ப்பு ஏறத்தாழ 28 சதவீதம்.
- இரண்டோ அதற்கு மேலோ நடக்க வாய்ப்பு ஏறத்தாழ 7 சதவீதம்.

இதே அளவிலான நூறு ஊர்களை எடுத்துக்கொண்டால், எந்த ஊரிலும் எதுவும் மாறாத நிலையிலும், ஆண்டுதோறும் ஏழு ஊர்களில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கொலைகள் நடக்கும். அந்த ஏழு ஊர்களே செய்தியில் இடம்பெறும். அடுத்த ஆண்டு அவற்றுள் பெரும்பாலானவற்றில் எண்ணிக்கை தானாகவே குறையும். புதிதாக வந்த காவல் ஆய்வாளரின் நடவடிக்கையால் குறைந்தது என்று அப்போது பேசப்படலாம். உண்மையில் அது தற்செயலான ஏற்றத்துக்குப் பின் வரும் இயல்பான இறக்கமாக இருக்கலாம்.

மக்கள்தொகை இன்னும் குறைந்தால் விகிதம் இன்னும் அதிகமாகத் துள்ளும். 3,000 பேர் வாழும் மீனவக் கிராமத்தில் மாநிலச் சராசரிப்படி ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒரு கொலை நடக்கும். அது நடந்த ஆண்டில் மட்டும் விகிதம் ஒரு லட்சத்துக்கு 33 ஆகிவிடும். இது உலகச் சராசரியைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். மற்ற 14 ஆண்டுகளில் அது பூச்சியம். 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர் வாழும் லட்சத்தீவிலும் இதே நிலைதான். மொத்தத் தீவுக் கூட்டத்திலும் ஒரே ஒரு கொலை நடந்தால் விகிதம் 1.6 ஆக உயரும், நடக்காவிட்டால் பூச்சியம்.

எளிய ஒரு கணக்கு இங்கே உதவும். ஓர் எண்ணிக்கை தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை அதன் வர்க்கமூலம் தோராயமாகக் காட்டும். 1,690இன் வர்க்கமூலம் 41. எனவே 1,661, 1,686, 1,690 என்ற மாநில எண்களுக்கு இடையிலான வேறுபாட்டைக்கூட ஏற்றம் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. நான்கின் வர்க்கமூலம் இரண்டு. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக நான்கு கொலைகள் பதிவாகும் காவல் நிலையத்தில் ஓர் ஆண்டு இரண்டும் மற்றோர் ஆண்டு ஆறும் பதிவாவதில் வியப்பில்லை.

தற்செயலும் சங்கிலியும்

மேற்கண்ட கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. ஒரு குற்றத்துக்கும் அடுத்த குற்றத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. சிற்றூர்களில் பல நேரங்களில் அந்தத் தொடர்பு இருக்கிறது. ஒரு கொலைக்குப் பழியாக மற்றொரு கொலை நடக்கும்போது இரண்டும் தனித்தனி நிகழ்வுகள் அல்ல. ஒரே சங்கிலியின் கண்ணிகள். "தற்செயல்தான்" என்று ஒதுக்கிவிட்டால் மூன்றாவது கொலையைத் தடுக்கும் வாய்ப்பு நழுவிவிடும்.

எனவே எண்ணிக்கை சொல்லாததை வழக்கின் உள்ளடக்கத்திலிருந்து அறிய வேண்டும். 2022இல் நாட்டில் பதிவான கொலைகளுக்கான காரணங்களில் தகராறு முதலிடம் பெற்றது (9,962 வழக்குகள்). சொந்தப் பகை அடுத்து வந்தது (3,761). ஆதாயத்துக்கான கொலைகள் 1,884 மட்டுமே. நிலம், பணம், குடும்பம், அற்பச் சண்டை ஆகியவை தகராறு என்ற தலைப்பில் அடங்கும். வரப்பு, பாதை, வாய்க்கால் தொடர்பான பூசல்கள் கொலையாக முற்றுவதற்கு முன் புகாராகவும் மனுவாகவும் பலமுறை காவல் நிலையத்துக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ வந்திருக்கக்கூடும். ஆனால் கொலைக் கணக்கில் அந்த மனுக்களுக்கு இடமில்லை.

சாதி மோதல்களில் சங்கிலித் தன்மை இன்னும் வெளிப்படையானது. 1997இல் விருதுநகர் மாவட்டத்துக்கென அமைந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு எழுந்த எதிர்ப்பு மோதலாக மாறி மாவட்டத்தின் பல பகுதிகளுக்குப் பரவியது. அவ்வாண்டு ஜூலையில் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் ஆகியவற்றின் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை மாநில அரசு நீக்கியது. காமராசர் மாவட்டம் என்றிருந்தது விருதுநகர் மாவட்டமாயிற்று. அந்த மோதல்களில் ஒவ்வொரு காவல் நிலையத்தின் எண்ணிக்கையையும் தனியாகப் பார்த்தால் சில வழக்குகளே தென்படும். சேர்த்து வைத்துத் தேதி வரிசையில் படித்தால்தான் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த விதம் தெரியும்.

முன் அறிகுறிகள் குற்றக் கணக்குக்கு வெளியிலும் இருக்கலாம். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீட்டில் வைத்து வெட்டப்பட்டனர். இதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதி அடையாளக் கயிறுகளைத் தடை செய்யும்படி அது பரிந்துரைத்தது. கயிற்றின் நிறத்தை எந்தப் புள்ளிவிவர அட்டவணையும் பதிவு செய்வதில்லை. வகுப்பாசிரியருக்கு அது தெரியும்.

கடற்கரை ஊர்களின் தனி இயல்பு

கடலோர ஊர்களில் மோதலுக்கான காரணங்கள் பெரும்பாலும் தொழிலோடு பிணைந்தவை. கட்டுமரம், வள்ளம், நாட்டுப்படகு ஆகியவற்றை நம்பியவர்களுக்கும் விசைப்படகில் இழுவைமடி வைத்து மீன் பிடிப்பவர்களுக்கும் 1970களில் கடுமையான மோதல்கள் ஏற்பட்டன. வலைகள் அறுக்கப்பட்டன, படகுகள் எரிக்கப்பட்டன, உயிர்களும் பறிபோயின. இந்தப் பின்னணியில் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. விசைப்படகுகள் கரையிலிருந்து மூன்று கடல்மைல்களுக்கு அப்பால்தான் மீன் பிடிக்க வேண்டும் என்றும், காலை 5 மணிக்குப் பின் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்றும் விதிகள் வகுக்கப்பட்டன.

பிற்காலத்தில் பூசலின் மையம் சுருக்குமடி வலைக்கு மாறியது. தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டில் இவ்வலை தடை செய்யப்பட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணையில், மாநிலக் கடல் எல்லைக்கு வெளியே வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும், பகல் நேரத்தில், நிபந்தனைகளுடன் இதைப் பயன்படுத்த அனுமதித்தது. ஒரே கடற்கரையில் ஓர் ஊர் இவ்வலையை ஆதரிப்பதும் பக்கத்து ஊர் எதிர்ப்பதும் உண்டு. ஆகவே கடலோர ஊரின் கலவர வழக்குகளை ஆராய்பவர் மீன்பிடித் தடைக்காலம், வலைத் தடை, படகுப் பதிவு ஆகியவற்றின் கால அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். கடலுக்குப் போகும் மாதங்களையும் கரையில் இருக்கும் மாதங்களையும் ஒப்பிட்டால் ஆண்டுக் கணக்கில் தெரியாத வேறுபாடு தெரியவரும்.

மற்றொரு சிக்கல் பதிவைப் பற்றியது. சோழமண்டலக் கரையின் மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது. அடிதடி, காயம் போன்றவை அங்கேயே பேசித் தீர்க்கப்படுவது வழக்கம். கன்னியாகுமரிக் கரையில் பங்குப் பேரவைகள் இந்த இடத்தை வகிக்கின்றன. இதனால் காயம் ஏற்படுத்திய வழக்குகளின் எண்ணிக்கை குறைவாகத் தோன்றலாம். அதை அமைதி என்று கொள்வது தவறு. ஊர்ப் பஞ்சாயத்து பிளவுபட்டாலோ செல்வாக்கிழந்தாலோ அதே அளவு அடிதடி திடீரெனக் காவல் நிலையக் கணக்கில் ஏறும். அப்போது வன்முறை பெருகியதாகத் தோன்றும். கொலை மறைக்கக் கடினமானது என்பதால் குற்றவியலாளர்கள் ஒப்பீட்டுக்குக் கொலை எண்ணிக்கையையே அதிகம் நம்புகின்றனர்.

ஒரு வழக்கு, பல உயிர்கள்

புள்ளிவிவரத்தில் வழக்குகளின் எண்ணிக்கையும் பலியானோர் எண்ணிக்கையும் வேறுவேறு. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் தாக்கப்பட்டன. ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழமை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களைப் பின்னர் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

இத்தகைய நிகழ்வு ஒரே முதல் தகவல் அறிக்கையில் பதிவானால், வழக்குகளை எண்ணும் அட்டவணையில் அது 'ஒன்று'. பலியானோரை எண்ணினால் 44. முதல் கணக்கில் அந்த ஆண்டு சாதாரணமானது. இரண்டாவது கணக்கில் அந்த ஊரின் வரலாற்றிலேயே ஈடில்லாதது. அடுத்த ஆண்டுடன் ஒப்பிட்டு "வன்முறை வெகுவாகக் குறைந்தது" என்று எழுதினால் அதுவும் கணக்கின்படி சரியாகவே இருக்கும். கூலித் தகராறு தீர்ந்ததா என்ற கேள்விக்கு மட்டும் அதில் விடை இருக்காது.

எல்லை மாற்றமும் எண் மாற்றமும்

நீண்டகாலப் போக்கை ஆராயும்போது நிர்வாக எல்லைகள் மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். வத்திராயிருப்பு அடங்கிய திருவில்லிபுத்தூர்ப் பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் சேர்ந்தது. நாகப்பட்டினம் 1991இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2020 டிசம்பரில் அதிலிருந்து மயிலாடுதுறை மாவட்டம் பிரிந்தது. அதன் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்தின் குற்ற எண்ணிக்கை குறைந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி மக்கள் குறைந்தார்களா என்பதே. காவல் நிலைய எல்லைகளுக்கும் இது பொருந்தும். புதிய நிலையம் ஒன்று திறக்கப்பட்டால் பழைய நிலையத்தின் கணக்கு இறங்கும்.

பதிவாகாத வன்முறை

2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கைது செய்வதற்குரிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. இத்தகைய உத்தரவுகளுக்குப் பிறகு பதிவு கூடினால் அது குற்றம் கூடியதைக் குறிக்காது. காவல் நிலையத்தின் கதவு அகலத் திறந்ததைக் குறிக்கும். குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வேறு என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையே மிகக் குறைவாகப் பதிவாகிறது. 2019–21 காலத்துக்குரிய ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். நாட்டின் சராசரி 29.3 சதவீதம். வீடு வீடாகச் சென்று கேட்டதால்தான் இந்த எண் கிடைத்தது. எந்தக் காவல் நிலையப் பதிவேட்டைப் புரட்டினாலும் இது கிடைக்காது. ஆகவே பத்து ஆண்டுகளாகக் கொலையே நடக்காத ஊரையும் வன்முறையற்ற ஊர் என்று சொல்லிவிட முடியாது.

முத்திரை குத்துவதன் விளைவு

எண்களைத் தவறாகப் படிப்பது வெறும் கணக்குப் பிழையோடு நிற்பதில்லை. அது ஓர் ஊரின் மீதும் மக்களின் மீதும் முத்திரையாக விழுகிறது. இந்தியாவில் இந்த முத்திரை ஒருகாலத்தில் சட்டமாகவே இருந்தது. 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தனி மனிதர் செய்த குற்றத்துக்குப் பதிலாகப் பிறந்த சமூகத்தைக் கொண்டே மக்கள் குற்றவாளிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். கைரேகை வைக்கவும், வெளியூர் செல்ல அனுமதி பெறவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். வத்திராயிருப்புக்கு வடக்கே, மதுரை மாவட்டத்தின் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று இந்தப் பதிவை எதிர்த்த மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஒரு பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது.

சட்டம் நீங்கினாலும் பழக்கம் முற்றிலும் நீங்கவில்லை. "பதற்றமான ஊர்", "கொலைக்குப் பேர் போன ஊர்" என்ற சொற்கள் இன்றும் புழங்குகின்றன. அத்தகைய ஊரின் இளைஞர்களுக்கு வெளியூரில் வாடகை வீடும் வேலையும் கிடைப்பது கடினமாகிறது. பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். மாறாக, முத்திரைக்கு அஞ்சிக் குற்றத்தை மூடி மறைக்கும் ஊரில் பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைப்பதில்லை.

மாணவர்கள் ஆராயும் முறை

தம் ஊரின் வன்முறைக் குற்றப் போக்கை ஆராய விரும்பும் மாணவர்கள் பின்வரும் வழிகளைப் பின்பற்றலாம்.

- ஓர் ஆண்டை அடுத்த ஆண்டோடு ஒப்பிடாமல், ஐந்து அல்லது பத்து ஆண்டுகளின் கூட்டுத்தொகையை முந்தைய அதே அளவு காலத்தோடு ஒப்பிட வேண்டும்.
- சதவீதத்தை மட்டும் எழுதாமல் உண்மையான எண்ணிக்கையையும் மக்கள்தொகையையும் சேர்த்து எழுத வேண்டும்.
- வழக்குகள், பலியானோர் ஆகிய இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.
- வழக்குகளைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒன்றுக்கு மற்றொன்று பழியா என்று பார்க்க வேண்டும்.
- எல்லை, சட்டப் பிரிவு, பதிவு முறை ஆகியவை மாறிய ஆண்டுகளைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

காவல் நிலைய அளவிலான எண்ணிக்கையை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டுள்ளது. அவற்றைப் படிக்கும்போது கிடைக்கும் பெயர்களையும் முகவரிகளையும் ஆய்வில் வெளியிடக் கூடாது. சிற்றூரில் பெயரை நீக்கினாலும் தெருவையும் தொழிலையும் வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

இவ்வாறு ஆராய்ந்தவர் "எங்கள் ஊரில் கொலைகள் இரு மடங்காயின" என்று எழுத மாட்டார். "கடந்த பத்து ஆண்டுகளில் நான்கு கொலைகள், அவற்றுள் இரண்டு ஒரே வலைத் தகராற்றில் நடந்தவை, அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை" என்று எழுதுவார். முதல் வாக்கியத்தைப் படிப்பவர் ஊரைக் கண்டு அஞ்சுவார். இரண்டாவதைப் படிக்கும் அதிகாரிக்கோ ஊர்ப் பெரியவருக்கோ அடுத்து எந்த வீட்டில் போய்ப் பேச வேண்டும் என்பது தெரியும்.